பிறந்த வீட்டுக்குப் போக இரண்டு ஊசி

நார்வேயில் பெர்கன் நகரத்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இங்கே இந்தியாவுக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ‘ரைசெவாக்சினெ’ என்று பெயர், பயணத் தடுப்பூசி. போன முறை கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது நானும் போய் நர்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். “எங்கே போகிறீர்கள்?” என்றாள். “வீட்டுக்கு. தூத்துக்குடி.” அவள் கணினியில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, “சரி, வீட்டுக்கு எப்போது திரும்புவீர்கள்?” என்று கேட்டாள். திருத்த வாயெடுத்து, பிறகு தேதியைச் சொன்னேன். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், நறுக்கிவைத்த பழம் வேண்டாம் என்று நீளமாக ஒப்பித்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இவ்வளவு உயரம் வளர்ந்தேன் என்று சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? இடது தோளில் டைபாய்டுக்கு ஒன்று, மஞ்சள்காமாலைக்கு ஒன்று போட்டு அனுப்பினாள்.

இந்த ஊசி விஷயத்தை மட்டும் ஜெசி மதினியிடம் சொல்லவில்லை. மதினி என் அண்ணன் மனைவி. அம்மா மார்பகப் புற்றுநோயில் படுத்த எட்டு மாதமும் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டது அவள்தான். நான் இங்கிருந்து போனில் அழுதுகொண்டிருந்தேன். அப்படிப்பட்டவள் கையால் சாப்பிட, ‘உங்கள் வீட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

அம்மாவுக்கு வந்த நோய் என்பதால் ஊருக்குப் போகும்போதெல்லாம் மேமோகிராம் எடுத்துக்கொள்வேன். பெர்கனில் காத்திருக்க வேண்டும், தூத்துக்குடியில் ஒரு காலையில் முடிந்துவிடும். வந்த மூன்றாம் நாளே போனோம். சோதனை எடுக்கும் பெண், “சமீபத்துல தடுப்பூசி எதுவும் போட்டீங்களாக்கா?” என்று கேட்டபோது மதினி என் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். “இல்லம்மா” என்றேன். சாதாரணப் பொய்தானே என்று நினைத்தேன்.

டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். இடது அக்குளில் நெறி கட்டியிருக்கிறது, அம்மாவுக்கு இருந்ததால் சதை எடுத்துப் பார்த்துவிடலாம், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். அம்மாவுக்கும் அக்குளில்தான் முதலில் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும் மதினி முழங்காலில் இருந்து எழும்பவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு வாய் சாப்பிடவில்லை. “அத்தைக்குப் பாத்தேன், உனக்கும் பாப்பேன். நீ அங்கன போவாண்டாம்ளா, இங்கனயே இரி” என்றாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா என் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, “இந்தக் கையில ஊசி எதுவும் போடலையே? தடுப்பூசி போட்ட பக்கம் சில பேருக்கு இப்படி நெறி கட்டும், அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கேக்கோம்” என்றார்.

மதினியைப் பார்த்தேன். அவள் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

“போட்டேன் டாக்டர். ரெண்டு. டைபாய்டும் மஞ்சள்காமாலையும். ஊருக்கு வாரதுக்காக.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “படிச்சவங்க நீங்களே மறைச்சா எப்படிம்மா? டெஸ்ட்ட முதல்ல எடுத்துட்டு ஊசி போட்டிருக்கலாம். இல்ல, எந்தக் கையில என்னைக்குப் போட்டதுன்னாவது சொல்லியிருக்கணும்.” படத்தில் வேறொன்றும் இல்லாததால் சதை எடுப்பதை நிறுத்திவைத்தார். ஆறு வாரம் கழித்து ஒரு ஸ்கேன் பார்க்க வேண்டும், அப்போதும் வற்றாமல் இருந்தால்தான் அடுத்தது என்றார். ஆறு வாரத்தில் நான் பெர்கனில் இருப்பேன்.

ஆட்டோவில் திரும்பினோம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றபோது மதினி கேட்டாள்.

“எங்க வீட்டுத் தண்ணிக்கா ஊசி போட்டுட்டு வந்த?”

“மதினி...”

“போட்டது நல்லதுதாம்ளா. சொல்லியிருக்கலாம்லா. ரெண்டு நாளா என் உசிரே போச்சு.”

அழுதேன். அவள் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கடைக்கு அனுப்பிப் புது பிளாஸ்க் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். அன்று மதியம் எல்லாருக்கும் குடத்துத் தண்ணீர், எனக்குக் கொதிக்கவைத்து ஆற்றியது. நான் வீம்பாகக் குடத்துப் பக்கம் டம்ளரை நீட்டினேன். மதினி குடத்தை நகர்த்தி வைத்துவிட்டாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆறு வாரம் கழித்து பெர்கனில் ஸ்கேன் எடுத்தார்கள். நெறி வற்றிவிட்டது. வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயில் நேராக ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துக்கொண்டே மதினியைப் போனில் கூப்பிட்டேன்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று சத்தமாக அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அடுத்த தடவ இங்கன வந்து டெஸ்ட் எடுக்கதுக்கு ரொம்ப முந்தியே ஊசியப் போட்டிரு, என்ன? அந்த பிளாஸ்க்க யாருக்கும் குடுக்கல. பெயிண்ட்ல உன் பேர எழுதி மேல பத்திரமா வச்சிருக்கேன்” என்றாள்.

பிறந்த வீட்டில் என் பெயர் எழுதிய பொருள் எதுவும் இதுவரை இருந்ததில்லை. அங்கே எல்லாமே எல்லாருக்கும் பொது.