போருக்குக் குரல் கொடுத்த பாப்பா

துடைத்த தரை காய்வதற்குள் கால் வைக்காதவர்களைக் காண்பது அபூர்வம். அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாவது மாடியிலோ எல்லோருக்கும் நாட்டைக் காப்பாற்றும் அவசரம் வேறு. ஒருநாள் துப்புரவு அக்கா இடுப்பு வலியோடு நீளத் தாழ்வாரத்தைத் துடைத்து நிமிர்ந்தபோது, அந்தக் கோடியில் பாப்பா நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமா... ம்ம்... சரி சரி" என்று பத்து நிமிடம். தரை காய்ந்தது, பேச்சும் முடிந்தது. அவள் கடந்து போகும்போது அக்கா தற்செயலாகப் பார்த்தார். போன் அணைந்து கிடந்தது. உயிர் இல்லாத போனுக்குப் பத்து நிமிடம் ஆமாம் போட ஒரு மனசு வேண்டும். ஆண்டவன் அதை எல்லோருக்கும் கொடுத்து அனுப்புவதில்லை.

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. தலையில் பாதி நரை. தொண்டையில் மட்டும் எட்டு வயதுக் குழந்தை ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. கடைக்குப் போன் செய்தால், "வீட்ல பெரியவங்க இருந்தா குடு கண்ணு" என்பார்கள். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் போனில் அவள் குரலைக் கேட்டுவிட்டு, "பொண்ணு இன்னும் பள்ளிக்கூடம் போகுது போல" என்று பின்வாங்கினார்களாம். அப்புறம் அண்ணன் வீடே அவள் வீடு. அண்ணியின் சொந்தக்காரர்கள் வந்தால், "எங்க, ஒரு தடவை அழுது காட்டு பாப்பா" என்பார்கள். அவள் காட்டுவாள். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஊருக்கெல்லாம் கேலியான அந்தக் குரலுக்கு மரியாதை கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான், ஒலிப்பதிவு அறையின் மைக். அங்கே அவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சோப்பு விளம்பரத்துக் குழந்தை, நாடகத்தில் தொட்டிலில் அழும் குழந்தை, பொம்மைப் படத்து அணில் எல்லாமே பாப்பாதான்.

அப்புறம் போர் வந்தது.

இங்கே இல்லை. கடல் தாண்டி எங்கேயோ இரண்டு நாடுகளுக்கு நடுவில். அதற்காக நம் செய்தி ஆசிரியர் சும்மா இருப்பாரா? அலுவலகத்தில் அவருக்குப் பீரங்கி என்று பெயர். அவர் ஒரு நாட்டைத் தத்தெடுத்தார், மற்றதைத் தலைமுழுகினார். ஊரும் அப்படியே செய்தது. உலகப் படத்தில் அந்த நாட்டைக் காட்டு என்றால் விரல் நடுக்கடலில் போய் விழும். கோபம் மட்டும் குறி தப்பாது.

வந்த படங்களில் குழந்தைகள் ஏதோ பேசின. அந்த மொழி நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவரைத் தேடுவதற்குப் பதிலாகப் பீரங்கியே வசனம் எழுதினார், பாப்பா பேசினாள். ஆகவே அந்த நாட்டுக் குழந்தைகள் எல்லாம் அச்சாகப் பீரங்கி மாதிரியே பேசின. பால்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை, "இது வல்லரசுகளின் சூழ்ச்சி" என்றது. பார்த்த பெற்றோர், "அந்த ஊர்ப் புள்ளைங்களுக்கு என்ன அறிவு பாரு!" என்று தங்கள் பிள்ளைகளின் தலையில் குட்டினார்கள்.

பாப்பா எதையும் கேட்டதில்லை. தாளில் இருப்பதைப் படிப்பது அவள் வேலை. அழுகை நன்றாக வந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்துவார். அன்றைக்கு அவளுக்கு அது போதும்.

ஒருநாள் ஒரு பையனின் படம் வந்தது. ஏழு வயது இருக்கும். அவனுக்குப் பின்னால், வீடு இருந்த இடத்தில் கற்குவியல். காமிராவைப் பார்த்துக் கையைக் கீழே காட்டி ஏதோ கத்துகிறான். பீரங்கி எழுதினார்: "எங்கள் மண்ணை விட்டு வெளியேறு!" பாப்பா அதை அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் அது ஊரெல்லாம் போன் மணியாக அடித்தது. வண்டிகளின் முதுகில் ஏறியது. ஒரு துணிக்கடை "பழைய துணியே, எங்கள் மண்ணை விட்டு வெளியேறு! பாதி விலை!" என்று பலகை மாட்டியது. தேசபக்தி என்றால் இப்படிக் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும்.

துப்புரவு அக்கா குடியிருந்த கட்டிடத்தின் படிக்கட்டில் பிள்ளைகளும் இரண்டு நாடாகப் பிரிந்தார்கள். அக்காவுக்கு நாற்பதுக்கு மேல் பிறந்த கடைக்குட்டி, எட்டு வயது, நல்ல நாட்டின் தளபதி. எதிர்வீட்டுச் சின்னப்பெண் நேற்றுவரை அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். ஆள் பற்றவில்லை என்று அவளைக் கெட்ட நாடாக்கினார்கள். ஒரு மாலை கடைக்குட்டி, "எங்கள் மண்ணை விட்டு வெளியேறு!" என்று கத்திக்கொண்டே அவளைப் பிடித்துத் தள்ளினாள். நான்கு படி உருண்டதில் புருவத்தில் மூன்று தையல்.

அக்கா பதறிப்போய் எதிர்வீட்டில் கைகூப்பி நின்றார். அந்தப் பெண்ணின் அப்பா பெருந்தன்மைக்காரர். "விடுங்கம்மா, போர்னா அடிபடத்தான் செய்யும்" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "அடுத்த தடவை நீ முந்திக்கணும், புரியுதா?" என்று புத்தி சொன்னார். கண் டிவியிலேயே இருந்தது.

மறுநாள் ஒலிப்பதிவு அறையில் ஏசி ஒழுகியது. குழந்தை அழுகைக்கு நடுவே "டொக், டொக்" என்று சொட்டுச் சத்தமும் பதிவானதால் மெக்கானிக்கை வரவழைத்திருந்தார்கள். அவர் ஏணி மேல் நின்றார். அக்கா கீழே தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்தார். பாப்பா தாளோடு காத்திருந்தாள்.

"பாப்பா, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியே?"

"சொல்லுங்கக்கா."

"என் சின்னது எதிர்வீட்டுப் புள்ளையப் படியில தள்ளிடுச்சு. தள்ளும்போது ஒரு கத்து கத்துச்சு பாரு, அப்படியே உன் குரல். நீதான் வந்துட்டியோன்னு திரும்பிப் பாத்தேன்."

பாப்பா கையிலிருந்த தாளைக் கீழே இறக்கினாள். "அடி பலமாக்கா?"

"மூணு தையல்."

அந்த நேரம் ஒலிப்பதிவாளர் அந்தப் பையனின் படத்தை மூலச் சத்தத்தோடு ஓட்டினார். ஏணி மேலிருந்து சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள் பாப்பா.

"இந்தப் பையன் பேசுறது எனக்குப் புரியுதும்மா. பன்னெண்டு வருஷம் அந்த ஊர்ல ஏசி மாட்டிட்டு வந்தவன் நான்."

"என்ன சொல்றான்?"

மெக்கானிக் ஒரு படி கீழே இறங்கினார். "'மாமா, எங்க வீட்டுக் கதவு மேல செருப்போட நிக்கிறீங்க. இறங்குங்க. அப்பா வந்தா திட்டுவாரு.' இவ்வளவுதான். படம் புடிக்கிறவர்கிட்ட சொல்றான். கதவு பேந்து கீழ விழுந்து கெடக்கு போல."

"மண்ணு, வெளியேறு... அதெல்லாம் இல்லையா?"

"மண்ணு அவன் தலை நெறைய இருக்கு. பேச்சுல இல்ல."

அக்கா துணியைக் கையில் பிடித்தபடி, "ஆண்டவனே, அந்த அப்பன் பத்திரமா வந்து திட்டட்டும்" என்று முணுமுணுத்தார்.

பாப்பா தாளோடு நேரே பீரங்கியின் அறைக்குப் போனாள். அறைக் கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் அக்காவும் பின்னால் போனார்.

"சார், அந்தப் பையன் கதவைப் பத்திதான் சொல்றான். மண்ணைப் பத்தி இல்ல."

"கதவா?" பீரங்கிக்கு உண்மையிலேயே வருத்தம். "கதவுக்கு யாரும்மா அழுவா? மண்ணுன்னாதான் நாடே எந்திரிச்சு நிக்கும்."

"ஆனா அவன் சொன்னது..."

"அவன் சின்னப் புள்ளம்மா. அவனுக்கு என்ன தெரியும் அவன் நாட்டுப் போரைப் பத்தி? நாமதான் எடுத்துச் சொல்லணும். சனிக்கிழமை நேரலை இருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க நூறு பேர் வர்றாங்க. படம் சத்தமில்லாம ஓடும், நீ மேடையில நின்னு அதே வசனத்தைப் பேசற, பிள்ளைங்க திருப்பிச் சொல்லுது. தொண்டையைப் பாத்துக்கோ. ஐஸ் தண்ணி குடிக்காத."

வெளியே வந்த பாப்பா தாழ்வாரச் சுவரில் சாய்ந்துகொண்டாள். தாளை மாற்றிப் படித்தால் மைக் போய்விடும். மைக் போனால் அப்புறம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அழுது காட்டும் குரல்தான் மிச்சம். இது அக்காவுக்கும் தெரியும்.

"பேசாம தாளைப் படிச்சிட்டுப் போ பாப்பா. எழுதினது யாருன்னு ஆண்டவனுக்குத் தெரியும்."

"உங்க பொண்ணு எழுதினவர் குரல்லயாக்கா கத்துச்சு?"

அக்கா துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைக்கப் போனார்.

சனிக்கிழமை பள்ளிப் பேருந்துகள் வந்து நின்றன. நூறு பிள்ளைகளில் கடைக்குட்டியும் ஒருத்தி. ஆளுக்கொரு காகிதக் கொடி கொடுத்தார்கள். அவசரத்தில் அச்சடித்ததில் அது எதிரி நாட்டுக் கொடியாகப் போய்விட்டது. பிள்ளைகள் ஆட்டினார்கள், பீரங்கி கண்கலங்கினார். இரண்டு நாட்டுக் கொடிக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் அந்தக் கட்டிடத்தில் இல்லாததால் விழா சிறப்பாகவே நடந்தது.

அக்கா திரைச்சீலை ஓரம் வாளியோடு நின்றார். வாய் பிரார்த்தனை செய்தது. என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை. தாளைப் படிக்க வை என்பதா, படிக்க விடாதே என்பதா? "நீயே பாத்துக்கோ" என்று பொறுப்பை மேலே தள்ளிவிட்டார்.

விளக்கு பாப்பாவின் மேல் விழுந்தது. நரைத்த தலையைப் பார்த்துச் சில பிள்ளைகள் சிரித்தார்கள். திரையில் பையன் வந்தான், கையைக் கீழே காட்டினான், வாயைத் திறந்தான். பாப்பா தாளை மடித்தாள்.

"மாமா, எங்க வீட்டுக் கதவு மேல செருப்போட நிக்கிறீங்க. இறங்குங்க. அப்பா வந்தா திட்டுவாரு."

அழவில்லை, கத்தவில்லை. ஒரு பிள்ளை பெரியவரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். கொடிகள் நின்றுவிட்டன. நிகழ்ச்சி நடத்துபவர், சிரித்த முகம் சிரித்தபடியே உறைய, அடுத்த வரியைத் தேடினார். அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து கடைக்குட்டி எழுந்தாள்.

"அப்புறம் அந்த மாமா இறங்கினாரா?"

நூறு பிள்ளைகளும் பாப்பாவைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் காட்டிய படம் அந்த இடத்தோடு வெட்டப்பட்டிருந்தது.

"விளம்பரம் போடு! விளம்பரம்!" என்று உள்ளேயிருந்து பீரங்கி வெடித்தார். போட்டார்கள். சோப்பு விளம்பரம். "அம்மா, வெள்ளையோ வெள்ளை!" என்று ஒரு குழந்தை துள்ளியது. அதுவும் பாப்பாவின் குரல்தான்.

நடந்தது தொழில்நுட்பக் கோளாறு என்று நிலையம் அறிவித்தது. அன்று மாலையே "கதவா? மண்ணா?" என்று விவாதம் வைத்தார்கள். நான்கு நிபுணர்கள் ஒன்றரை மணி நேரம் கத்தினார்கள். கதவின் பக்கம் பேச அழைக்கப்பட்டவருக்கு மைக் வேலை செய்யவில்லை. பாப்பாவிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

வீட்டில் கடைக்குட்டி விடுவதாக இல்லை. தலை வாரும்போது, சோறு பிசையும்போது, எதிர்வீட்டுக் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கும்போதெல்லாம் அதே கேள்வி: "அம்மா, இறங்கினாரா இல்லையா?" ஊரே மனப்பாடம் செய்த வசனத்தில் ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் இதற்கு மருந்து கிடையாது.

திங்கட்கிழமை பாப்பா அட்டையைக் கொடுக்க வந்தாள். வந்தவள் ஒலிப்பதிவு அறைக்குள் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். அக்கா லிப்ட் வாசலில் காத்திருந்தார். அடுத்த மாதமே அண்ணன் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டதால், அக்கா அவளைப் பார்த்தது அதுவே கடைசி.

"இனி என்ன பண்ணுவே பாப்பா?" என்று கேட்டார் அக்கா.

பாப்பா லிப்ட் கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, உங்க சின்னது கேட்டுச்சில்ல? இப்பதான் ஒலிப்பதிவாளரைக் கெஞ்சி, நம்மாளுங்க வெட்டிப்போட்ட மிச்சத்தையும் ஓட்டச் சொல்லிப் பாத்தேன். அந்த மாமா உடனே இறங்கிட்டாரு. காமிராவை அணைக்காம அப்படியே கீழ வெச்சுட்டு, சட்டைக் கையால அந்தக் கதவைத் தொடைச்சாரு. பையன் ஒரு மூலையைக் காட்டினான், இங்க இன்னும் இருக்குங்கற மாதிரி. அதையும் தொடைச்சாரு. மறந்துடாம இன்னைக்கே சொல்லிடுங்க அவகிட்ட."