புருஷன் பேரைச் சொன்ன வேம்புலியம்மாள்

பாரிவாக்கம் வேம்புலியம்மாளைப் பைத்தியம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஊரில் அவளைவிடத் தெளிவான ஆள் யார் இருந்தார்கள்?

எண்பத்தேழில் நான் பூந்தமல்லி வக்கீல் ரகுநாதனிடம் குமாஸ்தா. மனை போட்டு விற்கும் நாகேந்திரன், அவள் வயலுக்குள் கல் நட்டான். அவள் அத்தனையையும் பிடுங்கிக் கிணற்றில் போட்டாள். அவன் கேஸ் கொடுத்ததோடு, அவளுக்குப் புத்தி சரியில்லை என்றும் கிளப்பிவிட்டான். மாஜிஸ்திரேட் அவளை டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் பட்டணத்துப் பிள்ளை. "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

கட்டினவன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் அவளுக்கு ஏது? அவன் பேர் துலுக்கானம்; ஊர் எல்லையில் இருக்கும் அம்மனின் பேரையே அவனுக்கு வைத்திருந்தார்கள். "ஊர் எல்லையில குந்திகினு கீறாளே, அவதான்" என்றாள் வெட்கத்தோடு.

"உங்க புருஷன் பொம்பளையா?"

"கையில சூலம்கூட வெச்சினு கீறா, தெரியல?"

போதாதா? அப்படியே எழுதிவிட்டார் அந்தப் புண்ணியவான். வழக்கை எதிர்கொள்ளும் புத்தி இவளுக்கு இல்லை என்று விசாரணையை நிறுத்தி, புருஷன் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெயில் தப்பியதே என்று ஊரே சந்தோஷப்பட்டது. அவளோ எங்கள் ஆபீசில் வந்து ஆடித் தீர்த்துவிட்டாள்.

"பைத்தியம்னு எழுதிட்டா, நெலம் என்துன்னு நான் சொன்னா நாளைக்கு எவன் கேப்பான்? கேஸை நடத்தச் சொல்லு நைனா. நான்தான் புடுங்கினேன். இன்னாத்துக்குன்னு நானே சொல்றேன்!"

செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டோம். ஜட்ஜ் அவளைக் கூண்டில் ஏற்றி அதே கேள்வியைக் கேட்டார். விளக்கம் சொல்ல வக்கீல் எழுந்தார். "அவங்களே சொல்லட்டும்" என்றார் ஜட்ஜ்.

அவள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பிறகு கண்ணை இறுக மூடி, "துலுக்கானம்!" என்று ஒரு கத்துக் கத்தினாள்.

"ஐயா!" என்று பின்னாலிருந்து துலுக்கானம் ஓடிவந்தான். கூப்பிட்டது, கோர்ட்டில் பேர் கூப்பிடும் டவாலி என்று நினைத்துவிட்டான். தன் பேர் அவள் வாயில் வரும் என்று அவன் கண்டானா?

ஜட்ஜே சிரித்துவிட்டார். கீழ்க்கோர்ட் உத்தரவு ரத்தானது, வழக்கும் நடந்தது. வேம்புலியம்மாள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். நிலத்தை அளந்தார்கள், கல் நின்ற இடம் அவளுடையதுதான். விடுதலை!

அன்றைக்கு பஸ்ஸில் அவர்கள் எனக்குப் பின் சீட்டில். துலுக்கானம் மெதுவாக ஆரம்பித்தான்.

"இன்னொரு தபா சொல்லேன்."

"இன்னாது?"

"என் பேரு."

"ஏன்யா, உனக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் வேம்புலியம்மாள்.