நோர்த் ஹெட்டில் விளக்குப் பிடித்தவர்கள்

என் அண்ணா ஜெரோமுக்கு, நாங்கள் குடியேறிய இந்த நாட்டுக் கடற்படையில் எலக்ட்ரீஷியனாகச் சேர விருப்பம். பதினேழு வயதுதான் என்பதால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். அம்மா சரி சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் அப்பா. அம்மாவோ அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். "இடத்தையாவது வந்து பாருங்கோ" என்று அண்ணா கெஞ்சியதால், தவணை விடுமுறையின் முதல் சனிக்கிழமை அம்மா, அண்ணா, நான் மூவரும் கடற்படைத் தளம் இருக்கும் டெவன்போர்ட்டுக்குப் புறப்பட்டோம்.

நாங்கள் இருக்கும் மனுரேவாவிலிருந்து நகர மையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். எதிரிலேயே படகுத்துறை. படகில் பன்னிரண்டு நிமிடம்தான். போகும்போது இடப்பக்கம் அமர்ந்தால் கடற்படையின் சாம்பல் நிறக் கப்பல்கள் தெரியும். அம்மா வலப்பக்கம் அமர்ந்தார்.

இறங்கி, கடலோரமாக அரை மணி நேரம் நடந்தால் நோர்த் ஹெட் குன்று, பழைய கடலோரக் கோட்டை. நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே இருட்டான சுரங்கங்கள், எந்த எதிரியையும் சுட்டிராத பழைய பீரங்கிகள். அறிவிப்புப் பலகை ஒன்றையும் விடாமல் சத்தமாக வாசித்தேன்.

"கூகிள் மேடம் தொடங்கிட்டா" என்றார் அண்ணா.

அம்மா சுரங்கச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "ஊரில சண்டை நேரம் நாங்கள் பங்கர் வெட்டினது ஒளிக்க. இவங்கள் சுடுறதுக்கு வெட்டியிருக்கிறாங்கள்."

குன்றின் அடியில், அலைகளுக்குச் சற்று மேலே, தேடுவிளக்குகள் வைத்திருந்த கான்கிரீட் அறைகள் உள்ளன. இரவில் வரும் கப்பல்களை வெளிச்சம் போட்டுக் காட்டுவதற்காகக் கட்டியவை. அண்ணாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இது என்ர வேலை மாதிரித்தான் அம்மா. இவங்கள் சுடுற ஆக்கள் இல்லை. லைட் மட்டும்தான்."

அம்மா படியில் உட்கார்ந்தார். "மன்னாரிலயிருந்து தப்பி ராமேஸ்வரத்துக்குப் போகேக்க எங்கட வள்ளத்திலயும் அங்கத்தை நேவியின்ர லைட் பட்டது. பகல் மாதிரி வெளிச்சம். நான் கையெடுத்துக் கும்பிட்டனான். கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டுது. பிறகு மற்றப் பக்கம் திரும்பீட்டுது."

"உங்களைக் காணேல்லையோ?" என்று கேட்டேன்.

"லைட் பிடிச்சவன் கண்டவன். கண்டுதான் திருப்பினவன். முன்னுக்குப் போன வள்ளத்தில இருந்து அந்த லைட் விலகேல்ல, அதைச் சுட்டுப்போட்டாங்கள்." பிறகு அண்ணாவைப் பார்த்தார். "லைட் மட்டும்தான் எண்டு எனக்குச் சொல்லாத. நீ எண்டா என்ன செய்வாய்?"

"திருப்புவன் எண்டு சொல்ல ஆசைதான் அம்மா. பக்கத்தில ஆபீசர் நிண்டா... தெரியேல்ல."

அம்மா திட்டவில்லை. "லைட் காட்ட மாட்டன் எண்டு சொன்னா அங்க என்ன செய்வாங்கள்?"

"அதுவும் தெரியேல்ல. அடுத்த கிழமை நேவியில சேர்ற ஆக்களுக்கு இன்ஃபர்மேஷன் ஈவினிங் இருக்கு, கேக்கிறன்."

"நீ கேக்க மாட்டாய். நானும் வாறன்."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டார்ச் கொண்டு போங்கள், கைபேசி வெளிச்சம் போதாது. சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலை இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், முதலிலேயே பாருங்கள். கீழே இறங்கும் பாதை வழுக்கும்.

போரில் பொறுப்பு, சுடுபவரிடம் தொடங்குகிறது என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைய போர்களிலோ திரையைப் பார்த்து இடம் சொல்பவரும், கருவியைப் பழுது பார்ப்பவரும் தொலைவில் எங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் கும்பிடும் கைகள் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் வள்ளத்தைக் கண்டவருக்குத் தெரிந்தது. அவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது, அதற்காக அவருக்கு என்ன நடந்தது என்பதும் தெரியாது.

அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. சமையலறையில் தன் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்.