விமானத்தில் போன தீப்பெட்டிக்காரி

1. யோசனை

சங்கரலிங்கம் அண்ணாச்சி அசாம் லைனை முடித்துவிட்டு வந்து, ஆபீஸ் பெஞ்சில் சட்டையைக் கூடக் கழற்றாமல் மல்லாந்து படுத்த அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. அண்ணாச்சி அதன் சேல்ஸ் ரெப்; ஆர்டர் பிடிக்கப் போகிற வழிக்குத்தான் எங்களிடம் லைன் என்று பேர். நான் இங்கிலீஷ் லெட்டர் அடிக்கிற பிள்ளை, பேச்சியம்மாள். புதூருக்குப் பக்கத்துக் கிராமம்; அப்பாவுக்கு ஆடுதான் தொழில். ஆட்டோடு அலைகிற வீட்டில் பிறந்தவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மொதலாளி, இனி அந்தப் பக்கம் என்னை அனுப்பாதிய. ரயில்லயே எனக்குப் பாதி உசுரு போச்சு. மீதிய அங்கன பெய்யுத மழை வாங்கிட்டு."

"ஆர்டர்?"

"காய்ச்சல்தான் வந்துச்சு."

அந்த நேரம் மேசையில் கிடந்த செய்தித்தாளில், தூத்துக்குடிக்குச் சென்னையிலிருந்து சின்ன விமானம் வந்து போவதாக ஒரு விளம்பரம் இருந்தது. இங்கே தூத்துக்குடிக்கு வெளியே வாகைக்குளத்தில் ஒரு சின்ன விமான நிலையம். அசாமிலும் ஆற்றோரமாய் அப்படிச் சின்னச் சின்னதாய் இருக்கின்றன என்று படித்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே வானம்தானே?

"பிளைட்ல போனா என்ன?" என்றேன்.

பேக்கிங் பெண்கள் வரைக்கும் சிரிப்பு பரவியது. முதலாளி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா பேச்சி, நாம விக்குறது என்ன, தங்கமா? பிளைட்ல தீப்பெட்டியத் தூக்கிட்டு ஏற விடுவாம்னு எவன் சொன்னான்?"

"தீப்பெட்டி கொண்டு போகல. லேபிள், காலிப் பெட்டி, மருந்து முக்காத குச்சி. அதுபோதும். முன்னாடியே எடுத்தா டிக்கெட்டும் சல்லிசு. அண்ணாச்சி வழியில கழிக்கிற நாளை நெனச்சுப் பாருங்க."

"யாரு போறது?"

"நான்தான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முதலாளி இறக்கிய கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "சரி. ஆர்டர் கொண்டு வந்தா அந்த லைன் உனக்கு. வெறுங்கையோட வந்தே, லைனையே மூடிருவேன். நீ ஆயுசுக்கும் லெட்டர் அடிச்சுக்கிட்டுக் கிட."

பணி அனுபவம் எழுதுவதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு இன்னும் ஒரு முடி நரைக்கவில்லை. இப்போதே எழுதுகிறேன். சேல்ஸ் வேலைக்கு வர நினைத்து, வீட்டில் 'பொட்டப்பிள்ள' என்று நிறுத்திவைக்கப்பட்டிருக்கிற யாராவது இதைப் படிப்பார்கள்.

2. குச்சி உண்டு, தீ இல்லை

விமான நிலையம் என்றால் ஏதோ என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைக் கூட்டிப் பெருக்கிக் கண்ணாடிக் கதவு போட்டால் அதுதான். வழியனுப்ப அப்பா வந்திருந்தார். விமானத்தைப் பார்த்துவிட்டு, "இதுல விசிறி வெளியில சுத்துது, உள்ள காத்து வருமாட்டி?" என்று மட்டும் கேட்டார்.

செக்கிங்கில் இருந்த போலீஸ்காரர் என் பையிலிருந்து குச்சிக் கட்டை எடுத்தார்.

"என்னம்மா இது, தீக்குச்சியா?"

"குச்சிதான் சார். தீ இல்ல."

"விளையாடுதியா?"

"மருந்து இருந்தாத்தான சார் தீக்குச்சி? இது வெறும் மரம். பல்லு குத்தலாம், காது கொடயலாம்."

அவர் ஒன்றை ஒடித்தார், மோந்து பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இருவரும் ரூல் புத்தகத்தைப் புரட்டினார்கள். மருந்தில்லாத குச்சியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற உப்பு வியாபாரி ஒருவர், "ஏ சார், அந்தப் பிள்ளைய விடுங்க. பிளேன் நமக்காவ நிக்காது" என்றதும்தான் கட்டு திரும்பி வந்தது.

3. "நெருப்பு எங்கே?"

சென்னை, கல்கத்தா, கவுகாத்தி என்று மாறி மாறி, கடைசியாக பிரம்மபுத்திராவின் வடகரையில் ஒரு ஊருக்குப் போகிற விமானத்தில் ஏறினேன். வாரத்தில் சில நாட்கள்தான் அது பறக்கும். அறிவிப்பெல்லாம் கிடையாது; ஒருவர் வாசலில் வந்து நின்று கையை ஆட்டினால் ஏற வேண்டும், அவ்வளவுதான். மேலேயிருந்து பார்த்தால் எங்கும் தண்ணீர். கரிசல் வெடிப்பையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது அநியாயமாகப் பட்டது. இவ்வளவையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு எங்களுக்கு ஒரு மழை தரவில்லையே!

அங்கே நான் பார்க்கப் போன டீலர் வயதானவர், இந்தி பேசுகிறவர். கடையின் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. என் இந்தி லாரி டிரைவர்களிடம் கற்றது. அதை வைத்துச் சமாளித்தேன். நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

லேபிளைப் பரப்பினேன். காலிப் பெட்டியை ஈரக் கையால் அழுத்தி, வளையவில்லை பாருங்கள் என்றேன். மெழுகில் முக்கிய குச்சி, ஈரம் ஏறாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் கடையில் விற்கிற வேறொரு கம்பெனிப் பெட்டியை எடுத்து உரசினார். மருந்து மாவாக உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் உதிர்ந்தது.

"இவங்களும் உன்னை மாதிரிதாம்மா சொன்னாங்க. நீ பெட்டி காட்டுறே, குச்சி காட்டுறே. நெருப்பு எங்கே?"

"விமானத்துல தீப்பெட்டி கொண்டுவர முடியாதுங்க."

"அப்ப ரயில்ல வந்திருக்கணும்."

"ரயில்லயும் கொண்டுவரக் கூடாது."

"அப்ப லாரில வந்திருக்கணும்."

லேபிளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். மறுநாளும் போனேன். டீ கொடுத்தார். அதற்கு மறுநாளும் போனேன். டீயோடு பிஸ்கட்டும் கொடுத்தார். ஆர்டர் மட்டும் கொடுக்கவில்லை. முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே திரும்புகிற விமானத்துக்குக் கிளம்பினேன்.

4. நாய் உட்கார்ந்தது

அந்த மாதிரி ஊர்களில் ஒரு வழக்கம். விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் பைகளையெல்லாம் ஓடுதளத்துப் பக்கம் வரிசையாக வைத்துவிடுவார்கள். அவரவர் பையை அவரவர் தொட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் அது உள்ளே போகும். அன்று ஒரு மோப்ப நாயும் வந்தது. வரிசையை மோந்துகொண்டே வந்து, என் பைக்கு முன்னால் சப்பென்று உட்கார்ந்துவிட்டது.

நாய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. பாவம், களைத்துப்போய் உட்காருகிறது என்று நினைத்தேன். சுற்றி நின்றவர்கள் பின்வாங்கியபோதுதான் புரிந்தது.

பையைக் கொட்டினார்கள். சேலை, லேபிள், காலிப் பெட்டி, குச்சி. ஒன்றும் இல்லை. நாய் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் ஆபீசுக்குக் கொண்டுபோகிற பை அது. மருந்து முக்கிய குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிக் காயவைக்கிற அறைக்கு வெளியே ஓர் ஆணியில்தான் அதைத் தொங்கவிடுவேன். தையலுக்குள்ளெல்லாம் மருந்துத் தூசி ஏறியிருக்கும். ஊருக்குப் போகிறவள் வேறு பை எடுக்க வேண்டும் என்று தீப்பெட்டிக் கம்பெனியில் யாருக்கும் தோன்றாது. எங்களுக்கு அந்த வாசனையே தெரியாது.

பாதுகாப்பு அதிகாரி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "சரி, பையை இங்கேயே விட்டுட்டுப் போ. நீ ஏறலாம்."

"பை இல்லாம ஏற மாட்டேன்."

"அதுல என்ன இருக்கு? வெறும் அட்டையும் குச்சியும்."

"அதுதான் சார் என் வேலை. நீங்க சோதிச்சாச்சு, ஒண்ணும் இல்ல. குத்தம் இருந்தா என்னைப் பிடிங்க. இல்லன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

"விமானம் போயிடும்."

"போகட்டும்."

போய்விட்டது. இறக்கையில் சுற்றுகிற விசிறியின் காற்று என் லேபிள்களைப் புல்வெளியெல்லாம் பறக்கவிட்டது. நான் ஓடி ஓடிப் பொறுக்கினேன். அழவில்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை அது.

உள்ளூரில் யாரைத் தெரியும், வந்து சொல்லச் சொல் என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஆள். போன் போட்டார்கள். டீலர் ஜீப்பில் வந்து இறங்கினார். நாயைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சேறும் சகதியுமாக லேபிள் கட்டோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

நான் முந்திக்கொண்டேன். "ஐயா, நெருப்பு எங்கேன்னு மூணு நாளா கேட்டீங்க. நான் சொன்னதை நீங்க நம்பல. இந்தப் பை உங்க ஊர் மழையில ஊறின பை. அதுக்குள்ள எங்க மருந்து துளியும் இல்ல, தூசிதான். இவ்வளவு ஈரத்துலயும் இந்த நாய்க்குத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல!"

சொல்லி முடித்ததும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தேன். பெரியவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். பெரியவர் அடக்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நாய் மோந்தா தீப்பெட்டி எரியுமாம்மா? வாசனையை வச்சு எவனாவது சரக்கு வாங்குவானா?" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா ஒண்ணு. வெத்துக் குச்சிக்காக விமானத்தை விட்டே பாரு, எரியாத சரக்கை அனுப்பிட்டு நீ ஓடிப்போக மாட்டே. கால் லோடு அனுப்பு. நமுத்துப் போச்சுன்னா உனக்குத்தான் போன் பண்ணுவேன்."

5. லைன் யாருக்கு?

கால் லோடு போய்ச் சேர்ந்தது. அடுத்து வந்த போன் சண்டைக்கு இல்லை. அரை லோடு கேட்டு. முதலாளி ஆபீசில் எல்லாருக்கும் சேவும் காபியும் வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"நல்ல காரியம் பண்ணிட்டே பேச்சி. லைனைத் தொறந்தாச்சு. இனி அண்ணாச்சி பாத்துக்கிடட்டும். பொம்பளப்பிள்ள, பிளைட்டு, போலீசு, நாயி... நாளைக்கு உங்க அப்பாவுக்கு நாந்தான பதில் சொல்லணும்?"

காபி டம்ளரை வைத்துவிட்டேன். "ஆர்டர் வந்தா லைன் எனக்குன்னு சொன்னது நீங்க. எங்க அப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். உங்க வாக்குக்கு நீங்க பதில் சொல்லுங்க."

பெஞ்சிலிருந்து சங்கரலிங்கம் அண்ணாச்சியின் குரல் வந்தது: "மொதலாளி, என்னைய இதுல இழுக்காதிய. அவிய போட்ட பாதை, அவியளே போகட்டும். எனக்கு நாயின்னாலே ஆகாது."

அதுவரை என்னை 'ஏட்டி' என்று மட்டுமே கூப்பிட்ட அண்ணாச்சி, அன்று மரியாதை வைத்து 'அவிய' என்றார்.

லைன் என்னிடம்தான் இருக்கிறது. கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: பொருளைக் காட்டாமல் பொருளை விற்கப் போகக் கூடாது. அந்த முறை என் பிடிவாதம் கைகொடுத்தது. எல்லா ஊரிலும் கொடுக்காது. இனி சாம்பிள் பண்டல் லாரியில் முன்னே போகும். அது கடையில் இறங்கிய சேதி வந்த பிறகு நான் பின்னால் பறப்பேன்.

அடுத்தது மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சின்ன விமான நிலையம். மேகம் விலகினால்தான் அங்கே இறங்க முடியுமாம். சில நாள் விமானம் வட்டமடித்துவிட்டுத் திரும்பிவிடுமாம். மழைக்காலம் முடியட்டும், கார்த்திகைக்கு மேல் போ என்கிறார் முதலாளி. மழையில்லாத காலத்தில் எந்தக் கம்பெனித் தீப்பெட்டியும்தான் எரியும். அங்கே மழை கொட்டுகிற ஆடி மாதத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.