மூன்று நிமிஷம் கழித்து எழுந்திருக்கும் கேமரா

எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் தொழிலில் ஒரு பாகத்தை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. எந்தப் பாகத்தை மாற்றுவது என்று கண்டுபிடிக்கத்தான் ஆயுசில் பாதி போகிறது. அந்தப் பாதியை மிச்சம் பிடிக்கலாம் என்று நம்பி ஒரு தெர்மல் கேமரா வாங்கினேன். எண்ணூர்ப் பக்கம் மூடிவிட்ட ஒரு தொழிற்சாலையின் பழைய சாமான்களோடு வந்தது. போர்டில் சூடான இடத்தை வெள்ளையாகவும் சூடில்லாத இடத்தை நீலமாகவும் காட்டும். கெட்டுப்போன பாகம் பெரும்பாலும் சூடாகும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

உங்களிடமும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். தலையில் தட்டினால் ஓடும் மிக்ஸி, சாய்த்து உதைத்தால் கிளம்பும் ஸ்கூட்டர். தூக்கிப் போடவும் மனசு வராது, வைத்துக்கொண்டாலும் பிராணன் போகும். அந்தக் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடை தண்டையார்பேட்டையில், பஸ் போகிற ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி. பழுது கண்டுபிடிப்பது நான், சால்டரிங் ஸ்டெல்லா. ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்தவர்கள். கடையில் பாதி அவளுடையது, பேச்சில் முக்கால்வாசி அவளுடையது.

எழுந்திருக்கும் நேரம்

காசிமேட்டிலிருந்து தேசம்மா அக்கா தங்கள் மீன்பிடி லாஞ்சின் வயர்லெஸ் செட்டை ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிய ஆறு நாள் இருந்தது. முடிந்த அன்றைக்கே அவர் வீட்டுக்காரர் கடலுக்குக் கிளம்புகிறார். போன வருஷம் நடுக்கடலில் எஞ்சின் நின்றபோது, இந்த செட்டில் கூப்பிட்டுத்தான் இன்னொரு லாஞ்சு வந்து இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்ததாம். இப்போது செட்டைப் போட்டால் பத்து நிமிஷம் நன்றாகப் பேசுகிறது, அப்புறம் செத்துவிடுகிறது. "செட்டு இருந்தாலும் போவேன், இல்லாட்டியும் போவேன்றாரு நைனா" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கேமராவைப் போட்டேன். அது எழுந்திருக்க மூன்று நிமிஷம் ஆகும். பேட்டரி எப்போதோ போய்விட்டது, ஒயரில்தான் வாழ்க்கை. ஒயர் கொஞ்சம் அசைந்தாலும் அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து மூன்று நிமிஷம். இரண்டரை நிமிஷத்தில் அக்காவின் கால் ஒயரில் பட்டது. அடுத்த முறை என் கால். மூன்றாவது முறை யார் காலும் படவில்லை, அதுவாகவே அணைந்தது. அக்கா பையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தார். "இது எழுந்து ஒக்கார்றதுக்குள்ள எங்க லாஞ்சு காக்கிநாடா போய் சேந்துடும் நைனா."

முதுகுவலிக்கு ஆதாரம்

அன்றைக்கே இன்னொரு தலைவலி. துறைமுகத்துக்கு கண்டெய்னர் ஓட்டுகிற டிரெய்லர் டிரைவர் ஒருவர், வீட்டு இன்வெர்ட்டர் போர்டை வாங்கிப்போக வந்தார். கேமராவை ஒருவழியாக எழுப்பி நான் அக்காவின் செட் மேல் குறி வைத்திருக்கிறேன். அவர் பார்த்தார். சூட்டைக் காட்டுகிற மெஷின் என்று ஸ்டெல்லா சொல்லித் தொலைத்துவிட்டாள். உடனே சட்டையைத் தூக்கிவிட்டு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். எண்ணூர் ரோட்டில் வண்டியை வரிசையில் போட்டு உட்கார்ந்தே முதுகு போய்விட்டதாம், வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்களாம், வலி எந்த இடம் என்று ஒரு போட்டோ பிடித்துத் தர வேண்டுமாம்.

இது மனுஷனுக்கு இல்லை என்றேன். வலி வேறு, சூடு வேறு என்றேன். நகரவில்லை. ஆளை அனுப்பினால் போதும் என்று ஒரு படம் எடுத்துக் காட்டினேன். சீட்டில் சாய்ந்து வந்த இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. மனுஷனுக்கு முகமெல்லாம் பல். அப்புறம் கண் படத்தின் ஓரத்தில் இருந்த தேதிக்குப் போனது. அந்தக் கேமராவில் தேதி எத்தனை தடவை மாற்றினாலும் பழைய வருஷத்துக்கே திரும்பிவிடும். டிரைவர் அதைப் படித்தார், விரல் விட்டு எண்ணினார், முகம் தொங்கிப்போனது. "இன்னா சார், இந்தத் தேதில எனக்கு கல்யாணமே ஆவலியே, அவ எப்டி நம்புவா?"

கண்ணை மூடிக்கொள்ளும் நேரம்

அரை நிமிஷத்துக்கு ஒருமுறை இந்தக் கேமரா 'டக்' என்று ஒரு சத்தம் போடும். உள்ளே ஒரு மூடி விழுந்து, தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறதாம். அது முடிகிறவரை படம் அப்படியே நின்றுவிடும். சூடாகிக்கொண்டே இருக்கிற பழுதுக்கு இது பரவாயில்லை. தேசம்மா அக்காவின் செட்டோ பத்து நிமிஷம் சமர்த்தாகப் பேசிவிட்டு ஒரே நொடியில் சாகிறது. அந்த நொடியில் போர்டில் எது வெளுக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

செட்டைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன். செட் செத்தது, அதே நொடியில் 'டக்'. போர்டு ஆற அரை மணி நேரம் விட்டு மறுபடி போட்டேன். மறுபடி செத்தது, மறுபடி 'டக்'. மூன்றாவது தடவையும் அதே கதை. கேமராவைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் என்று கை பரபரத்தது. ஸ்டெல்லா சால்டரிங் கம்பியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "பாத்தியா சேகரு, இது கண்ண மூடிகினாத்தான் அது சாவுது."

இரண்டு ஆசிலேட்டர்

மறுநாள் பிடித்துவிட்டேன். போர்டின் நடுவே தகர மூடி போட்டு, பளபளவென்று கட்டெறும்பு நீளத்துக்கு ஒரு பாகம் உண்டு. ஆசிலேட்டர். செட்டுக்குத் தாளம் போடுவது அதுதான். நான் குனிந்து பார்க்கப் பார்க்க அது மஞ்சளாகி, வெள்ளையாகி நின்றது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கொஞ்சம் மிதப்பாகவே. மவுண்ட் ரோடு பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி அந்தப் பாகத்தை வாங்கி வந்து மாற்றினோம். செட் பத்து நிமிஷம் பேசியது. செத்தது.

கேமராவில் பார்த்தால் புது ஆசிலேட்டரும் வெள்ளை. போலிச் சரக்கு என்று கடைக்காரரிடம் போனில் கத்தினேன். வேறு கடையில் இன்னொன்று வாங்கி மாற்றினேன். அதுவும் வெள்ளை, செட்டும் சாவு. இரண்டாவது கடைக்காரரிடம் இன்னும் சத்தமாகக் கத்தினேன். இதற்குள் நான்கு நாள் ஓடிவிட்டது. தேசம்மா அக்கா தினமும் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்து, நான் கத்துவதைப் பார்த்துவிட்டுப் போவார். அன்றைக்கு நான் போனை வைத்ததும் மெதுவாகச் சொன்னார்: "நீ கோச்சிகினு இன்னா நைனா பண்றது? இது இல்லாம அவரு போனாருன்னா, கரைக்கு வர்ற வரிக்கும் எனக்கு சோறு எறங்காது."

மூஞ்சி

அடுத்த நாள் காலையில் மூன்றாவது ஆசிலேட்டருக்காக வாசலில் நின்று போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தால் ஸ்டெல்லா கேமராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போர்டு வேலை என்பதால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஆசிலேட்டர் நல்ல நீலமாக இருந்தது. "வா, எப்பவும் குனியற மாதிரி குனி" என்றாள். குனிந்தேன். வெளுத்தது. "எழுந்துக்கோ." எழுந்தேன். நீலமானது. தலையை இடது பக்கம் சாய்த்தேன், அந்த வெள்ளையும் நகர்ந்தது.

தொழில் தெரிந்தவர்கள் இப்போது தாராளமாகச் சிரிக்கலாம். பளபளப்பான தகரத்தை இந்தக் கேமராவில் பார்க்கும்போது நம்பக் கூடாது, எதிரே இருக்கிற சூட்டைக் கண்ணாடி மாதிரி அப்படியே திருப்பிக் காட்டும். அதன் மேல் ஒரு துண்டு காகித டேப் ஒட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதை ஸ்டெல்லாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மாதத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தி அவள் உயிரையும் வாங்குவேன். அவசரத்தில் நானே ஒட்டவில்லை. இரண்டு ஆசிலேட்டர் மாற்றி, இரண்டு கடைக்காரர்களைத் திட்டி, ஒரு பெண்மணியை நாலு நாள் வயிற்றில் நெருப்போடு உட்கார வைத்தேன். அவமானமாக இருந்தது. ஸ்டெல்லா டேப்பைக் கிழித்து ஆசிலேட்டர் மேல் ஒட்டினாள். "சூடு போர்டுல இல்லப்பா, உன் மூஞ்சில கீது."

டேப் ஒட்டிய பிறகு

நான் தள்ளி நின்றுகொண்டேன். எட்டாவது நிமிஷத்தில், ஆசிலேட்டருக்கு ஒட்டினாற்போல, கடுகு அளவு கெப்பாசிட்டர் ஒன்று மெல்ல மஞ்சளானது. இத்தனை நாளும் என் நெற்றி வெளிச்சத்தில் அது அமுங்கிக் கிடந்திருக்கிறது. ஸ்டெல்லா அதை மாற்றினாள். செட் மத்தியானம் வரை நிற்காமல் ஓடியது.

தடைக்காலத்தின் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் தேசம்மா அக்கா வந்தார். ஆன்டெனா ஒயரை ஜன்னலில் மாட்டி மைக்கை அவர் கையிலேயே கொடுத்தேன். வீட்டுக்காரர் காசிமேட்டில் பக்கத்து லாஞ்சின் செட்டுக்கு முன்னால் இருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டார். கரகரவென்று கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு, "சோறு துன்னியா?" என்று ஆண் குரல் வந்தது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனிமேதான்யா" என்றார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நாலு நாள் தாமதத்துக்கு யார் காரணம் என்று முழுசாகச் சொல்லி, மன்னிக்கச் சொன்னேன். அக்கா செட்டைக் கட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரவால்ல நைனா, அடுத்த தபா மூஞ்சிய கழுவிகினு வந்து பாரு."

அன்றிலிருந்து கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது, அந்தக் கேமரா எழுந்திருக்க எடுத்துக்கொள்ளும் மூன்று நிமிஷத்துக்கும் ஒருவழியாக ஒரு உபயோகம் கிடைத்துவிட்டது.