பல்லடம் மைதானத்தில் நெஞ்சு பனியன்

காங்கயம் வழியாகத் திருப்பூருக்குள் நுழையும் பஸ்ஸில் காலை ஏழரை மணிக்கு உட்கார இடம் எதிர்பார்ப்பது பேராசை. குளித்தலையில் விடியுமுன் கிளம்பி, கரூரில் பஸ் மாறிய நான், கடைசி இருபத்தைந்து கிலோமீட்டரையும் அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டே முடித்தேன். 2007 ஜூலை மாதம். மழை வருவதாகவும் இல்லை, வெயில் அடிப்பதாகவும் இல்லை. நொய்யல் பாலத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். விவரம் தெரியாத நான் கொஞ்சம் தாமதமாகப் பொத்தினேன்.

பஸ் நிலையத்தில் கோமதி காத்திருந்தாள். கல்லூரியில் என் அறைத்தோழி. இப்போது ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்பதைக் கம்பெனிக்குச் சொல்லி, கம்பெனி செய்ததை அவன் தலையில் கட்டுகிற வேலை என்று அவளே சொல்வாள்.

"ஊரூராப் போயி கோபுரத்தப் பத்தியே எழுதறியேடி. எங்க பனியன் நெஞ்சுத் துடிப்ப எண்ணப்போவுது, அதையும் வந்து பாரு" என்று அவள் போனில் கூப்பிட்டதால்தான் இந்தப் பயணம்.

இரண்டு செட் இட்லி, இரண்டு காபி, இருபத்தெட்டு ரூபாய். அந்தக் காபிக்குக் காசு வாங்க ஒரு துணிச்சல் வேண்டும்.

எட்டரை மணிக்கு கம்பெனி வேனில் ஏறினோம். பதினைந்து கிலோமீட்டரில் பல்லடம். வழியில் கோமதி விளக்கினாள். வெளிநாட்டு விளையாட்டுத் துணி பிராண்டு ஒன்று, வெள்ளி பூசிய நூலை நெஞ்சுப் பகுதியில் வைத்துப் பின்னிய பனியன் கேட்டிருக்கிறது. அந்த நூல் தோலில் பட்டால் இதயத் துடிப்பை வாங்கும். முன்னால் மாட்டிய தீப்பெட்டி அளவு டப்பா அதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்பெனியில் எல்லோரும் அதை 'நெஞ்சு பனியன்' என்கிறார்கள். அதைப் போட்டு ஓட ஒரு பெண்ணையும் பிராண்டு தேடுகிறது. தேறினால் ஒரு வருடம் பெங்களூரில் பயிற்சி, சாப்பாடு, ஷூ எல்லாம் அவர்கள் செலவு. பதிலுக்கு அவள் பனியனும் சிரிப்புமாக விளம்பரத்தில் நிற்க வேண்டும்.

அந்தப் பெண் வேனின் பின்சீட்டில்தான் இருந்தாள். ஸ்டெல்லா, இருபத்திரண்டு வயது, பொங்கலூர்ப் பக்கம். கம்பெனியில் தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை. அவள் அம்மா அங்கேயே டெய்லர். ஸ்டெல்லா மாவட்டப் போட்டிகளில் ஓடி ஜெயித்தவள். அதற்கு மேலே போக வழியில்லாமல் நின்றவள்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"ஓடறதுக்கு என்னங்க பயம்? அவுங்களுக்குப் புடிக்கோணுமேன்னுதானுங்க" என்றாள்.

பத்து மணிக்கு ஒரு தனியார் பள்ளி மைதானம். பிராண்டின் பெங்களூர் அதிகாரி மடிக்கணினியை மேசையில் விரித்திருந்தார். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். எனக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதிகாரியின் கையிலிருந்த ஸ்டாப்வாட்சும் அவரைச் சிரிக்க வைத்தது.

சிரிக்காதது கம்ப்யூட்டர்தான். எண் திடீரென்று இருநூறைத் தாண்டும், நாற்பதுக்கு விழும், பிறகு கோடு படுத்துவிடும். அதன் கணக்கில் அந்தப் பெண் எங்கள் கண்முன்னே இரண்டு முறை செத்துப் பிழைத்தாள்.

"ரொம்ப நல்லா ஓடறாங்க. ஆனா ஹார்ட்ல ஏதோ..." என்று இழுத்துவிட்டு, அதிகாரி போன் பேசத் தள்ளிப் போனார்.

ஸ்டெல்லா உடை மாற்றிக் கொடுத்த பனியனைக் கோமதி விரலால் தேய்த்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "பழனிச்சாமிண்ணா, இதுக்கு சாஃப்ட்னர் போட்டீங்களா?"

கூட வந்திருந்த ஃபினிஷிங் மாஸ்டர் பழனிச்சாமி பெருமையாகவே சொன்னார்: "ஆமாங்க. புள்ளைக்கு உறுத்துச்சாமா. அதான் மெத்துனு பண்ணிக் குடுத்தனுங்க."

பனியன் ஊரில் எந்தத் துணியும் சாஃப்ட்னரில் முங்கி வழவழப்பாகாமல் வெளியே போகாது. அந்த வழவழப்பு வெள்ளி நூலையும் மூடிவிட்டது. நூல் தோலைத் தொடவே இல்லை.

அதிகாரி திரும்பி வந்து, "வேற யாருக்காவது போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"பனியன்ல ஒண்ணுமில்லீங்க சார்" என்றாள் கோமதி. "இந்தப் புள்ளைக்குத்தான் ஒரு வாரமா நெஞ்சு படபடப்பு. சொன்னாக் கேக்காம வந்துட்டா."

அவர் நல்ல மனிதர். ஸ்டெல்லாவிடம் தானே போய், நல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லி, இப்படி இருக்கும்போது சேர்த்துக்கொள்ள முடியாது என்றார். அடுத்த மாதம் வேறு பெண், அவள் அளவுக்குப் புதுப் பனியன். ஸ்டெல்லா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"வாய் கூசலையாடி?" என்று கோமதியை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"கூசுச்சு. பனியன் சரியில்லைன்னா ஆர்டர் போச்சு. அத நம்பி ஒரு தையல் லைனே உக்காந்திருக்கு, அவ அம்மாளும் அதே லைன்தான்."

"அவகிட்டயாவது உண்மையச் சொல்லேன்."

"சொன்னா கம்பெனி பூராவும் பரவும். அப்புறம் பெங்களூருக்கும் தெரிஞ்சுரும்."

அவள் வாங்கித் தந்த மதியச் சாப்பாட்டை நான் தொடவில்லை.

மூன்று மணிக்குப் பல்லடத்தில் கரூர் பஸ். பொங்கலூர் அந்த வழியில் என்பதால் ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மின்தடையால் சீக்கிரம் விடப்பட்ட அவள் கம்பெனிப் பெண்கள் மூன்று பேரும் ஏறினார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே வந்திருந்தது. "காத்தாட உக்காரு கண்ணு" என்று ஒருத்தி சன்னலைத் திறந்துவிட்டாள்.

பஸ் நகர்ந்ததும் ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க்கா, ஓடறப்ப நெஞ்சு நின்னு போயிருமுங்களா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. சாஃப்ட்னர், கோமதியின் பொய், அதன் காரணம், எல்லாவற்றையும் அவள் காதோடு சொன்னேன். உன் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் அந்த மூன்று பேரையும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "உறுத்துதுன்னு பழனிச்சாமிண்ணங்கிட்டச் சொன்னது நாந்தானுங்க" என்றாள்.

"இவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க்கா. அம்மாளுக்கு அந்த லைன் வேணும். கேட்டா நோவுதான்னு சொல்லிக்கறேன்." கொஞ்சம் கழித்து, "இனி ஊட்டுல ஓட விடமாட்டாங்க. இத்தன நாளும் ஸ்டாப்புல எறங்குனா ஊடு வரைக்கும் ஓடித்தானுங்க போவேன்" என்றாள்.

பொங்கலூரில் நால்வரும் இறங்கினார்கள். ஒருத்தி ஸ்டெல்லாவின் பையை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா ஒரு கணம் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடக்க ஆரம்பித்தாள். பின்னால் மேய்ந்துகொண்டு வந்த ஆடுகள்கூட அவளைத் தாண்டிப் போயின.