ஆளுக்கு ஒரு டோக்கன்

ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது அவள் மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பாள். அதனால் அவளுக்கு ஸ்வெட்டர் என்றே பெயர். பழக்கடைக்காரர் தினமும் கேட்பார்: "என்ன ஸ்வெட்டர், உங்க வீட்டுல மழையா?" அவளும் தினமும் ஒரே பதிலைச் சொல்வாள்: "ஆமா, குடை இருந்தா குடுங்க."

இரண்டு தெரு தள்ளியிருந்த கோல்டு ஸ்டோரேஜில் வேலை. பச்சைப் பட்டாணி, மீன், ஐஸ்கிரீம் எல்லாம் உறைந்துபோய் அடுக்கடுக்காக இருக்கும் பெரிய அறை. பெட்டிகளைத் தேதி பார்த்துப் பிரித்து, பழையதை முன்னால் தள்ளி, புதியதைப் பின்னால் அடுக்க வேண்டும். மெத்தை போன்ற கோட்டு, இரட்டைக் கையுறை, காதை மூடும் குல்லாய். உள்ளே கொஞ்ச நேரம், வெளியே வந்து சுடுதண்ணீர், மறுபடி உள்ளே. அக்கம்பக்கத்துப் பெண்கள் "குடுத்து வெச்ச மகராசி" என்பார்கள். குளிரில் நோகும் இந்த முழங்கால் மூட்டு அவர்களுடையதாக இருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஆணிகள், ஆணிகளில் எண் போட்ட பித்தளை டோக்கன்கள். உள்ளே போகிறவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்ததும் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் விளக்கை அணைக்கக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது. எல்லா ஆணியும் நிறைந்திருந்தால் உள்ளே யாருமில்லை என்று அர்த்தம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது அவள்தான். "ஆளுக்கு ஒரு டோக்கன். டோக்கன் இல்லாத ஆளு உள்ள இல்லாத ஆளு" என்பாள்.

வீடு மாடியில், மொட்டைத் தளத்துக்கு நேர் கீழே. பகல் முழுக்கத் தளம் குடித்த வெயிலைச் சாயங்காலம் வீட்டுக்குள் கக்கும். தளத்தில் ஈரச் சாக்கு விரிப்பார்கள், ஜன்னலில் நனைத்த போர்வை தொங்கவிடுவார்கள், மின்விசிறிக்கு முன்னால் வாளித் தண்ணீர் வைப்பார்கள். எல்லாம் ஏதோ ஒப்புக்கு. அந்த வீட்டில் உண்மையாகக் குளிர்ந்த பொருள் ஒன்றுதான் இருந்தது. அவள் கை.

வேலை முடியும்போது கையுறையைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பெட்டியை வெறுங்கையால் தூக்குவாள். செய்யக் கூடாதுதான். விரல்கள் மரத்துக் கட்டையாகிவிடும். உடனே கையுறையை மாட்டிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடப்பாள். படியேறும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு நிற்பார்கள். மகள் இடது கை, சின்னவன் வலது கை. கழுத்தில், கன்னத்தில், நெற்றியில் வைத்து வைத்துத் தேய்த்துக்கொள்வார்கள். "எனக்கு இன்னும் வரலம்மா, அவளே வெச்சுக்கிறா" என்று சின்னவன் அழுவான். கணவன்கூடக் கழுத்தைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்பான். ஒவ்வொரு கோடையும் அவள் அந்தச் சண்டைக்காகவே வீட்டுக்கு வந்தாள்.

இந்தக் கோடையில் நாத்தனார் வந்தாள்.

கணவனின் தங்கை வெளியூரில் பள்ளி ஆசிரியை. விடுமுறைக்கு ஒரு பெட்டியோடு வந்தவள், வந்த மறுநாளே வீட்டைத் தலைகீழாக்கினாள். "வீட்டுல உக்காந்து எதுக்கு அண்ணி வேகணும்? குளிர்ச்சியெல்லாம் ஊருக்குள்ள சும்மா கெடக்கு. நாமதான் தேடிப் போகணும்" என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் காலில் சக்கரம்.

காலையில் பொது நூலகம், அதுவும் தரைக்கடியில் இருக்கும் பழைய பத்திரிகை அறை. உச்சி வெயிலில் கட்டில் சோபா விற்கும் பெரிய கடை. ஒவ்வொரு சோபாவாக உட்கார்ந்து பார்ப்பார்கள். விற்பனைப் பையன் வந்தால் நாத்தனார் முகத்தைச் சுளித்து, "இது கொஞ்சம் மெத்துன்னு இல்லையே" என்று அடுத்த சோபாவுக்கு மாறுவாள். வெயில் சாய்ந்ததும் நீச்சல்குளம். பள்ளி வேன் ஓட்டும் கணவனுக்கும் விடுமுறைதான். அவனும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான்.

முதல் நாள் அவள் வேலை முடிந்து படியேறியபோது யாரும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே எல்லோரும் ஈரத்தலையோடு படுத்துக்கிடந்தார்கள். குளத்து மருந்து வாசனை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டுச் சின்னவன் கழுத்தில் கையை வைத்தாள்.

"ஐயோ, குளுருதும்மா. எடு."

எடுத்தாள். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"என் தங்கச்சி வந்தாலும் வந்தா, வீடே ஏசி வெச்ச மாதிரி ஆயிடுச்சு" என்றான் கணவன்.

"அப்ப கரண்டு பில்லையும் உங்க தங்கச்சியவே கட்டச் சொல்லுங்க."

"என்ன இப்படிப் பேசற? நீ பகல் பூரா ஜில்லுனு இருக்கறவ. நாங்கதானே இங்க வேகறோம்."

பகல் முழுக்க உறைபனிக்குள் நின்றாள், மூச்சு வெள்ளையாக வந்தது, புருவத்தில் உப்புப்போல் பனி ஒட்டியது. வயிறு மட்டும் எரிந்தது. சாப்பிடும்போது அத்தை, தூங்கும்போது அத்தை. "அத்தை சொன்னாங்க", "அத்தை அப்படிச் செய்ய மாட்டாங்க". மகள் தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொள்வதே அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

வார விடுமுறையன்று அவளும் குளத்துக்குப் போனாள். தண்ணீரில் இறங்கி இடுப்பளவுகூடப் போகவில்லை. மூட்டு இரண்டும் வலித்து, உதடு நீலமாகிவிட்டது. எத்தனை வருடத்துக் குளிர் உடம்புக்குள் உட்கார்ந்திருந்ததோ, அது வெளியே வந்து நடுங்கியது. கரையேறி, வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஈர நிஜாரோடு நின்ற குழந்தை ஒன்று அவளைப் பார்த்துச் சிரித்தது. குளத்து நடுவில் நாத்தனாரின் உள்ளங்கை மேல் மகள் மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. அவ்வளவு நம்பிக்கை.

"அண்ணி, கைய எடுக்கப் போறேன், பாருங்க!" என்று நாத்தனார் கூவினாள். கையை எடுத்தாள். மகள் மிதந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டாள்.

அன்றுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அத்தை காட்டும் குளிர்ச்சியெல்லாம் ஊரார் குளிர்ச்சி. யார் வேண்டுமானாலும் போகலாம். தன்னிடம் இருப்பதை யாராலும் காட்ட முடியாது.

கோல்டு ஸ்டோரேஜில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரை மீசை என்பார்கள். அவரிடம் கேட்டாள்.

"புள்ளைங்களையா? வேலைய விட்டு ரெண்டு பேரையும் தொரத்துவாங்க, தெரியுமில்ல?"

"ஒரு நிமிஷம்ண்ணே. மேனேஜர் சாப்பிடப் போற நேரத்துல. பாத்துட்டு ஓடிடுவாங்க."

"சரி, வரச்சொல்லு. நான் பாக்கல. என் மீசைதான் பாத்துச்சு."

மறுநாள் மதியம் வந்தார்கள். பிள்ளைகளோடு அத்தையும் வந்தாள். அவள் அத்தையைக் கூப்பிடவில்லை. ஆனால் கூப்பிடாமல் வருவதுதான் அத்தை. பழைய கோட்டு இரண்டுதான் கிடைத்தது; பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டாள். "எனக்கு வேணாம் அண்ணி, கொஞ்சம் குளிரட்டும்" என்றாள் நாத்தனார், மெல்லிய பருத்திச் சட்டையில். பலகையில் மற்ற டோக்கன்கள் மற்றவர்களுடையவை. அவள் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் பிள்ளைகள் கத்திய கத்தலில் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. மூச்சை ஊதி ஊதிப் புகை விட்டார்கள். சின்னவன் நாக்கை நீட்டிப் பனியைப் பிடிக்கப் பார்த்தான். "இதெல்லாம் நீயாம்மா அடுக்கினே?" என்று மகள் கூரைவரை அண்ணாந்து பார்த்தாள். "அந்த ஐஸ்கிரீம் பூராவும்?" அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கதவின் உட்பக்கத்தில் இருட்டிலும் ஒளிரும் பச்சைக் குமிழைக் காட்டினாள். "யாராவது உள்ள மாட்டிக்கிட்டா இதத் தள்ளணும். கதவு தெறந்துக்கும்." இருவரும் மாறி மாறித் தள்ளிப் பார்த்தார்கள். நாத்தனார் அப்போது கடைசி வரிசைக்குப் போய்விட்டிருந்தாள்.

"அம்மா, காது வலிக்குது" என்றான் சின்னவன்.

"வா வா, போதும்." இருவரையும் அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோட்டைக் கழற்றினாள். அவன் காதைத் தேய்த்துவிட்டாள். இன்னொரு கை, பல வருடப் பழக்கத்தில், டோக்கனை ஆணியில் மாட்டியது. ஆணிகள் நிறைந்தன. ஃபோர்க்லிஃப்டோடு அப்போதுதான் வந்த மீசை பலகையைப் பார்த்தார். விளக்கை அணைத்துக் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

"அத்தை எங்க?" என்றாள் மகள்.

மகள் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவு சாத்தும் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கை கைப்பிடிமேல் இருந்தது. கைப்பிடியைத் திருக வேண்டும், அவ்வளவுதான். அவள் திருகவில்லை. சின்னவனின் காது இன்னொரு கைக்குள் சூடாகிக்கொண்டிருந்தது. அவன் அவள்மேல் சாய்ந்திருந்தான். ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான் இருக்கும். அந்த ஒரு மூச்சு நேரம் வீட்டில் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

"அம்மா! அத்தை உள்ள இருக்காங்க!"

திருகினாள்.

நாத்தனார் கதவை நோக்கித் தடவித் தடவிப் பாதி தூரம் வந்திருந்தாள். முழங்கால் அடுக்கில் இடித்து ரத்தம் கசிந்தது. பல் தந்தியடித்தது. "லைட்டு போச்சு அண்ணி" என்று சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒத்துழைக்கவில்லை.

மீசைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆளுக்கு ஒரு டோக்கன்னு நீதானம்மா ஊருக்கே பாடம் எடுப்பே? உன் டோக்கன் மாட்டியிருந்துச்சு, நான் சாத்திட்டேன். எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"என் தப்புதாண்ணே."

அவள் தன் கோட்டை நாத்தனாருக்குப் போர்த்தினாள். சுடுதண்ணீரை டம்ளரில் ஊற்றிக் குடிக்க வைத்தாள். முழங்காலைத் துடைத்தாள்.

"உள்ள ஏதோ பச்சையா மினுங்குச்சு" என்றாள் நாத்தனார், கொஞ்சம் தெளிந்ததும். "என்னன்னு தெரியல."

"அதத் தள்ளினா கதவு தெறக்கும் அத்தை" என்றான் சின்னவன். "அம்மா எங்களுக்குச் சொன்னாங்களே."

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

"எனக்கும் சொல்லியிருக்கலாமே அண்ணி."

"மறந்துட்டேன்" என்றாள் அவள். பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்று நாத்தனார் கேட்கவில்லை. மேனேஜர் வரும் நேரம், கிளம்பச் சொல்லி மீசை சைகை காட்டினார்.

வாசலுக்கு வெளியே வெயில் தீயாக அடித்தது. தார்ச்சாலையில் கால் வைத்ததுமே பிள்ளைகளுக்கு வியர்த்தது. அவள் கதவோரம் நின்று பார்த்தாள். சின்னவன் நாத்தனாரின் கையைப் பிடித்தான். பிடித்தவன் நின்றுவிட்டான். அந்தக் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டான்.

"ஏய், இங்க பாரேன். அத்தை கை அம்மா கை மாதிரியே ஆயிடுச்சு!"

"எனக்கு, எனக்கு" என்று மகள் இன்னொரு கையைப் பிடுங்கிக்கொண்டாள். இருவரும் சண்டை போட்டார்கள். மெத்தைக் கோட்டோடு வெயிலில் நின்ற நாத்தனார் இரண்டு கைகளையும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கைகளை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

தெரு திரும்பும்வரை அந்தச் சண்டை கேட்டது.

அவள் தன் டோக்கனை எடுத்தாள். கோட்டு போய்விட்டது. ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.